அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை

வியாசர்பாடியில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு, 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பதற்றம் இருக்கிறதா என்று ஜிஏடி-7 படிவம் வைத்துப் பார்க்கிறோம். 7 கேள்விகள், மொத்தம் 21 மதிப்பெண்; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தலைவலி, வயிற்றுவலி, தூக்கமே இல்லை என்றுதான் பிள்ளைகள் வருகிறார்கள். படிவத்தில் மட்டும் எல்லாமே பூஜ்யம். அம்மா பக்கத்திலேயே நிற்கிறார், சில நேரம் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்.

தனி அறை கிடையாது. ஊசி போடும் இடத்தில் திரை கட்டினோம், பேச்சு வெளியே கேட்கிறது. சரி, பிள்ளையையே எழுதச் சொல்லலாம் என்றால் அம்மா எட்டிப் பார்க்கிறார். போனில் மனநல ஆலோசனை தரும் அரசின் டெலிமானஸ் எண் 14416-ஐக் கொடுத்தோம். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவிடம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இப்படி இடமில்லாத நிலையத்தில், அம்மா மனம் நோகாமல் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?