கலைச்சொல்: ‘டெமேஷியஸ்’ பூஞ்சையைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நுண்ணுயிரியல் பாடமொன்றை எழுதும்போது இந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். எக்ஸோஃபியாலா, ஃபோன்சிகேயா போன்ற பூஞ்சைகளைக் குறிப்பது இது. செல்சுவரில் மெலனின் என்ற கருநிறமி படிந்திருப்பதால் சாயம் ஏற்றாமலே நுண்ணோக்கியில் பழுப்பாகத் தெரியும். ‘கரும்பூஞ்சை’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், “கொரோனா சமயத்தில் வந்ததே, அதுவா?” என்றார். போச்சு.

2021இல் செய்திகள் ‘கருப்புப் பூஞ்சை’ என்றது மியூகார்மைகோசிஸ் என்ற வேறொரு பூஞ்சை நோயை. உடலுக்குள் வளரும் அந்தப் பூஞ்சையின் இழைகள் அகலமானவை, நிறமற்றவை. இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். இரத்தம் கிடைக்காமல் செத்த திசுதான் கறுத்துப்போகிறது. தப்பான இடத்தில் ஒட்டிய பெயர்தான், ஆனால் ஊரே பழகிவிட்டது. இனிப் பிடுங்க முடியாது.

‘டெமேஷியஸ்’ என்பதன் கிரேக்க மூலத்தைப் பெயர்க்கலாமென்றால், அந்தச் சொல்லுக்குச் ‘சிறு கட்டு’ என்று பொருள். கருமை அதில் துளியும் இல்லை.

நிறமியைப் பெயரில் கொண்டுவரத்தான் வேண்டும். வெள்ளையணுக்கள் பூஞ்சையைக் கொல்ல உமிழும், தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்களை மெலனின் தாங்கிக்கொள்கிறது. மெலனின் உண்டாக்க முடியாத எக்ஸோஃபியாலா திரிபுகளைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது நோயின் வேகம் குறைந்தது. இந்தக் காப்பு இருப்பது சுவரில் என்பதால் என் பரிந்துரை: கருஞ்சுவர்ப் பூஞ்சை.

*

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் பூஞ்சை என்பது பங்கசு, செல் என்பது கலம். கலச்சுவர், செல்சுவர் இரண்டிலும் ‘சுவர்’ பொதுவாக இருப்பதால் ‘கருஞ்சுவர்ப் பங்கசு’ என்று எழுதிக்கொள்வோம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் மாரி காலத்தில் குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படருமே, வாசிப்பவருக்கு அதுதான் நினைவுக்கு வரும். ‘கருநிறமிப் பூஞ்சை’ என்றால் என்ன? (கருப்பா கறுப்பா என்ற சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.)

*

கருநிறமியை நானும் யோசித்தேன், அம்மா. கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பூஞ்சை குறுக்கே வருகிறது. அதுவும் மெலனின் உண்டாக்கும். அதன் நோய்த்திறனில் மெலனினுக்குப் பெரிய பங்கும் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் சாதாரண ஊடகத்தில் வெண்ணெய் நிறத்தில்தான் வளரும். டோபா போன்ற மூலப்பொருள் கிடைத்தால்தான் கறுக்கும். அதனால் அதை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. ‘கருநிறமிப் பூஞ்சை’ என்றால் அதுவும் உள்ளே வந்துவிடும். ‘கருஞ்சுவர்’ என்னும்போது பார்த்ததும் தெரிகிற கருமை மட்டும்தான் மனதில் வருகிறது.

அப்புறம், ஈரச் சுவரில் படரும் கிளாடோஸ்போரியமும் டெமேஷியஸ் பூஞ்சைதான்! குளியலறையை நினைத்துக்கொள்பவரும் பாதி சரியாகத்தான் நினைக்கிறார். இருந்தாலும் குழப்பத்தைத் தவிர்க்க, முதன்முதலாக வரும் இடத்தில் ‘செல்சுவர் கறுத்த, அதாவது கருஞ்சுவர்ப் பூஞ்சை’ என்று விரித்து எழுதிவிடுகிறேன்.