கிறிஸ்துமஸ் குடிலில் பாலன் இயேசுவை எப்போது வைப்பது?

மூத்தவள்:
"கிறிஸ்துமஸ் நள்ளிரவு வரைக்கும் பாலனைக் கிடத்தும் தொட்டியைக் காலியாக வைப்பதெல்லாம் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இப்போது கிளப்பிவிட்ட பழக்கம், அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் கிடையாது" என்று 'வைக்கோல்' என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எந்த வீட்டிலும் என்றால், என் வீடு வீடில்லையா?

டிசம்பர் பிறந்ததும் குடில் கட்டிவிடுவோம். மரியா, அவர் கணவர் சூசை, மாடு, கழுதை, இடையர்கள் எல்லாரும் அவரவர் இடத்துக்கு வந்துவிடுவார்கள். நடுவில் தொட்டி மட்டும் வைக்கோலோடு காலியாகக் கிடக்கும். பாலன் பாட்டியின் மர அலமாரியில், பழைய கைக்குட்டையில் சுற்றி, புடவைகளுக்கு அடியில் இருப்பார். பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே போய்த் தொட்டியைப் பார்ப்பேன். காலிதான் என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பேன். 24ஆம் தேதி ராத்திரி கோயிலில் பூசை முடிந்து தூக்கக் கண்ணோடு வீடு திரும்பியதும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாட்டி அந்தக் கைக்குட்டையைப் பிரிப்பார். அந்த நொடிக்காக மூன்று வாரத்துக்கு மேல் காத்திருந்தவள் நான். அதைப் போய் நேற்று முளைத்த பழக்கம் என்கிறார்.

வைக்கோல்:
எனக்குத் தெரிந்த எந்த வீட்டிலும் என்றுதான் அதற்குப் பொருள். எழுதியதை மாற்றப் போவதில்லை. குடிலைத் தொடங்கி வைத்தவர் அசிசி நகரத்துப் புனிதர் பிரான்சிஸ். 1223, இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊர். அங்கே யாரும் பாலனை அலமாரியில் ஒளித்து வைக்கவில்லை. தொடங்கியவரே செய்யாததை மரபு என்று தூக்கிப் பிடிக்கிறீர்கள்.

மூத்தவள்:
கிரேச்சியோவை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அங்கே பாலனின் சிலையே, அதாவது சுரூபமே, கிடையாது. வைக்கோல் போட்ட ஒரு தொட்டி, உயிரோடு ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். அங்கேயே பூசை நடந்தது. செலானோ தோமா என்ற துறவி சில ஆண்டுகளுக்குள் அதை எழுதி வைத்துவிட்டார். கூட்டத்தில் ஒருவருக்குத் தொட்டியில் ஒரு குழந்தை உயிரில்லாமல் கிடப்பதுபோலவும், பிரான்சிஸ் அருகே போனதும் அது விழித்துக்கொண்டதுபோலவும் காட்சி தெரிந்ததாம். காட்சியில் தெரிந்தது என்றால் என்ன பொருள்? தொட்டி காலி. முதல் குடிலே காலித் தொட்டிதான்.

வைக்கோல்:
அது நடந்தது கிறிஸ்துமஸ் ராத்திரி. வாரக்கணக்கில் காலியாக வைத்து யாரும் காத்திருக்கவில்லை. அதுவும் கடைசி வரைக்கும் காலி என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பாட்டி நள்ளிரவிலும் பாலனை வைத்திருக்கக் கூடாது.

கடைக்குட்டி:
எங்க வீட்லயும் நள்ளிரவுதான். மூத்தவள் அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா வைக்கிறது பெரியவங்க இல்ல, வீட்லயே சின்னப் பிள்ளைதான் வைக்கணும். அதுதான் முறை. எங்க வீட்ல கடைசி வரைக்கும் நான்தான் வச்சேன். அண்ணனுங்க எல்லாம் பின்னாடி கைகட்டி நின்னு பாடுவாங்க.

மூத்தவள்:
கடைசிப் பிள்ளைதான் வைக்க வேண்டும் என்பது முறை என்று யார் சொன்னது? எங்கள் வீட்டிலும் தம்பி பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஆயிற்று. அது முறை இல்லை, செல்லம். ஒன்பது வயசில் நான் பொறுக்காமல் 24ஆம் தேதி பகலிலேயே அலமாரியைத் திறந்து பாலனை எடுத்துத் தொட்டியில் வைத்துவிட்டேன். பாட்டி திட்டவில்லை. எடுத்தார், மறுபடி சுற்றினார், "இன்னும் பிறக்கல" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரியும் தம்பிதான் வைத்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷமாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

கடைக்குட்டி:
தம்பி மேல கோபம்னா தம்பிகிட்ட சொல்லுங்கக்கா, எங்களை ஏன் செல்லம்னு சொல்றீங்க? உங்க பக்கம் பேச வந்தவன் நான்.

முன்னணை:
எங்கள் வீட்டில் குடில் வைப்பதில்லை. சுரூபங்களை அப்பா வீட்டுக்குள் விடமாட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பைபிளில் லூக்கா 2ஆம் அதிகாரத்தை வாசிப்போம், ஆளுக்கு இரண்டு வசனம். பிள்ளையைத் தொட்டியில் வைத்ததைச் சொல்லும் "முன்னணையிலே கிடத்தினாள்" என்ற இடம் எனக்கு வந்துவிட வேண்டும் என்று வசனங்களை எண்ணிப் பார்த்து இடம் மாறி உட்காருவேன். எங்களுக்கும் காத்திருப்பு இருந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும். லூக்காவில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. அவை பழைய ஏற்பாட்டின் ஏசாயா 1:3இலிருந்து குடிலுக்கு வந்தவை.

மூத்தவள்:
மாட்டைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. பேச்சு தொட்டியைப் பற்றி.

திருக்காட்சி:
எங்கள் வீட்டில் பாலனைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களுக்கும் காத்திருப்போம். 25ஆம் தேதி மூவரும் சன்னல் திண்டில் இருப்பார்கள். தினம் ஒரு சாண் நகர்த்துவோம், அவர்கள் வந்ததைக் கொண்டாடும் ஜனவரி 6 அன்றுதான் குடிலை அடைவார்கள். ஒட்டகத்தை நகர்த்தும் முறை யாருடையது என்று எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. முதல் நாளே எல்லாரையும் கூட்டமாக நிறுத்திவிடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

முன்னணை:
மூவர் என்று பைபிளில் மத்தேயு சொல்லவே இல்லை. காணிக்கை மூன்று, அவ்வளவுதான். ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, சாஸ்திரிகள், அதாவது ஞானிகள். அவர்கள் நுழைந்ததும் வீட்டுக்குள், தொழுவத்துக்குள் அல்ல. மத்தேயு 2:11ஐப் பாருங்கள்.

வைக்கோல்:
பாவமாக இருக்கிறதா? முதல் நாளே பாலனை வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். உங்கள் பரிதாபம் எனக்கு வேண்டாம்.

மூத்தவள்:
அதை விடுங்கள். என் கேள்விக்கு வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று ரோமில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குடிலின் பாலனைக் கையில் எடுத்துக்கொண்டு புனித பேதுரு சதுக்கத்துக்கு வருவார்கள், திருத்தந்தை, அதாவது போப், ஆசீர்வதிப்பார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் தொடங்கி வைத்தது. பாலன் அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தால் அவர்கள் வீட்டுத் தொட்டியில் என்ன இருக்கும்? நேற்று முளைத்த பழக்கமா இது?

வைக்கோல்:
ஆசீர்வாதம் வாங்கிய கையோடு வீட்டுக்குப் போய்த் தொட்டியில் வைத்திருப்பார்கள். நள்ளிரவு எங்கே வந்தது?

மூத்தவள்:
2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவுக்குப் போய்க் குடிலைப் பற்றி ஒரு மடலில் கையெழுத்திட்டார். கிறிஸ்துமஸ் அன்று பாலனைத் தொட்டியில் வைக்கும்போது குடில் உயிர் பெறுகிறது என்று அதில் இருக்கிறது. டிசம்பர் முதல் தேதி என்று இல்லை. கிறிஸ்துமஸ் அன்று.

வைக்கோல்:
நள்ளிரவு என்றும் இல்லை. வத்திக்கானிலேயே 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்த ராத்திரிப் பூசையைப் பத்து மணிக்கு மாற்றினார். உங்கள் பாலன் பத்துக்கா, பன்னிரண்டுக்கா?

மூத்தவள்:
பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. எத்தனை தடவை சொல்வது? கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நான் சொல்வது பிறக்கும் வரைக்கும் தொட்டி காலியாக இருக்க வேண்டும் என்பதை. வந்துவிட்டவருக்காக யாராவது காத்திருப்பார்களா? நாங்கள் காத்திருந்தோம்.

கடைக்குட்டி:
எனக்கு யாரும் பதில் சொல்லல. சின்னப் பிள்ளை வைக்கிறதுதான் முறை.

வைக்கோல்:
சரி, சொல்கிறேன். எனக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தை எங்கள் வீட்டில் பதினோரு நாள்தான் இருந்தது. அதற்கு வாங்கிய தொட்டிலை ரொம்ப நாள் யாரும் அகற்றவில்லை. அம்மா குடில் கட்ட உட்கார்ந்தால் முதலில் பாலனைத்தான் வைப்பார். பிறகுதான் சுற்றி மற்றவர்களை வைப்பார். ஒரு வருஷம் சித்தி வந்து, "ராத்திரி வைப்போமே" என்று பாலனை எடுத்துத் தனியே வைத்தார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், பண்டிகை முடியும் வரை குடில் பக்கம் வரவில்லை. எனக்கு அப்போது ஏழு வயசு. காலித் தொட்டியைப் பார்த்துச் சிலிர்த்தேன் என்று நீங்கள் எழுதுகிறபோது எனக்கு அம்மாவின் முதுகுதான் தெரிகிறது.

மூத்தவள்:
உங்கள் அம்மாவை நினைத்து வருந்துகிறேன். உண்மையாகவே. அவர் வைத்தது சரி. ஆனால் நீங்கள் எழுதியது அம்மாவின் துக்கத்தைப் பற்றி இல்லை. எந்த வீட்டிலும் கிடையாது என்றும், படம் எடுப்பவர்கள் கிளப்பிவிட்டது என்றும் எழுதினீர்கள். என் பாட்டியிடம் படம் எடுக்கும் கருவி எதுவும் இருந்ததில்லை.

வைக்கோல்:
நான் பார்த்த வீடுகளைச் சொன்னேன்.

மூத்தவள்:
சித்தி வந்து ராத்திரி வைப்போம் என்று சொன்னாரே, அவர் அந்தப் பழக்கத்தை எங்கிருந்து கொண்டுவந்தார்? உங்களுக்கு ஏழு வயசில் உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற பழக்கத்தை நீங்கள் பார்க்கவே இல்லையா?

வைக்கோல்:
சித்தியை இதற்குள் இழுக்காதீர்கள்.

மூத்தவள்:
நான் இழுக்கவில்லை. நீங்கள் எழுதினீர்கள்.

திருக்காட்சி:
இரண்டு பேரும் கொஞ்சம் ஆறுங்கள். வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் ராஜாக்கள் மட்டும் ஜனவரி 6க்கு முன்னால் வரவே கூடாது, அதில் இரண்டு கருத்து இல்லை.

முன்னணை:
ராஜாக்கள் அல்ல.

மூத்தவள்:
"எந்த வீட்டிலும்" என்ற சொல் இன்னும் மேலே அப்படியே இருக்கிறது. எடுக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

வைக்கோல்:
எடுக்க மாட்டேன். டிசம்பர் முதல் தேதி எங்கள் வீட்டில் பாலன் தொட்டியில் இருப்பார்.

கடைக்குட்டி:
வைக்கப்போறது யாரு? வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா?