சிப்பி ஓட்டை வெச்சு பழைய கடல்ல ஆக்சிஜன் எவ்ளோனு எப்படி சொல்றாங்க?

பாலக்கோட்டான்:
தர்மபுரில எம்.எஸ்சி ஜியாலஜி. செமினாருக்கு இந்த டாபிக்க தலையில கட்டிட்டாங்க. ஓட்டுல இருக்கற ஆக்சிஜன் ஐசோடோப்ப (ஒரே தனிமத்தோட எடை வேற வேற வடிவம்) வெச்சு வெப்பநிலை பார்ப்பாங்க, அது புரியுது. ஆனா தண்ணில கரைஞ்ச ஆக்சிஜன் ஓட்டுக்குள்ள போறதே இல்லையே, அப்புறம் எப்படி கணக்கு? அப்படியே நம்மூரு பாறையில ஏதாச்சும் பண்ண முடியுமா, கடல் புதைபடிவம் கெடைக்கற அரியலூர் வரைக்கும் அலையாம?

ஊத்தங்கரை அக்கா:
பாறைய மொதல்ல முடிச்சுடறேன் தம்பி. கிருஷ்ணகிரி நைஸ் (உருமாறுன பாறை) எல்லாம் சுமார் 250 கோடி வருஷம், ஆழத்துல கெடந்து வெந்து வந்தது, ஓடு கட்டற உயிரே அப்ப கெடையாது. அலைஞ்சுதான் ஆகணும்.

ஆக்சிஜன் நேரா பதியாது, சாட்சி வேற ஆளு: அயோடின். வீட்டு உப்பு பாக்கெட்டுல பொட்டாசியம் அயோடேட்னு போட்டிருக்கும் பாரு, கடல்ல ஆக்சிஜன் நல்லா இருந்தா அந்த அயோடேட் வடிவம் நெறைய இருக்கும், கொறைஞ்சா அயோடைடா மாறிடும். ஃபோராமினிஃபெரா (சுருக்கமா ஃபோராம், கடல்ல ஓடு கட்டற ஒத்த செல் உயிர்) ஓடு கட்டறப்ப அயோடேட் மட்டும்தான் ஓட்டோட கால்சைட்டுக்குள்ள போவும், அயோடைட வெளிய நிறுத்திடும். அதனால அயோடின்-கால்சியம் விகிதம் கம்மினா அங்க மூச்சுமுட்டல். 2010ல ஜுன்லி லூ குழு இத கார்பனேட் பாறையில காட்டுனாங்க.

பென்னாகரம் பாறை:
லேப் வேலை பார்த்தவன் சொல்றேன், பேப்பர்ல ஈஸியா தெரியும். 10 லட்சம் கால்சியத்துக்கு நாலஞ்சு அயோடின்தான், அதுவும் ஆசிட்ல கரைச்சா ஆவியா ஓடிடும், உடனே அமீன்ங்கற காரத்த ஊத்தி அப்பவே மெஷின்ல போட்டுரணும். அதவிட மோசம், புதைஞ்ச ஓடு மறுபடி படிகமானா அயோடின் போயிடும், கடல் நல்லா இருந்தாலும் ஆக்சிஜன் இல்லைனு பொய் சொல்லும். கம்மியா வந்தா சந்தேகப்படு, அதிகமா வந்தா நம்பலாம்.

பாலக்கோட்டான்:
நன்றிக்கா, அண்ணா. அப்ப சூடான காலம்னா ஆக்சிஜன் கம்மினு கண்ண மூடிட்டு எழுதிடலாமா? சுடுதண்ணில வாயு கரையாதுல்ல?

ஊத்தங்கரை அக்கா:
எழுதிடாத, வைவால மாட்டிப்ப! இதுக்கு இன்னொரு சாட்சி இருக்கு, நைட்ரஜன். ஆக்சிஜன் இல்லாத எடத்துல பாக்டீரியா நைட்ரேட்ட மூச்சுக்கு எடுத்துக்கும், லேசான நைட்ரஜன்-14அ மொதல்ல தின்னுடும், மிச்ச நைட்ரேட்ல கனமான நைட்ரஜன்-15 ஏறும், அது சாப்பாட்டு வழியா வந்து ஓட்டுக்குள்ள சிக்குன புரதத்துல நிக்கும். 2022ல நேச்சர் இதழ்ல வந்த வேலையில, சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி பூமி கொதிச்சப்ப அந்த 15 ஏறல, எறங்கிருக்கு. அதாவது வெப்பமண்டலக் கடல்ல ஆக்சிஜன் இல்லாத பகுதி சுருங்கிருக்கு. காரணம் இன்னும் சண்டையில இருக்கு, செமினார்ல அத வெச்சே பத்து நிமிஷம் ஓட்டலாம்.

பென்னாகரம் பாறை:
அரியலூர் பக்கம் இருக்கற காரை கிராமத்துக்குப் போனா சும்மா பெலம்னைட் (கணவாய் மாதிரி உயிரோட புதைபடிவம்) பொறுக்கிட்டு வராத, களிமண்ண மூட்டைல அள்ளிட்டு வா. சல்லடைல கழுவுனாதான் ஃபோராம் கெடைக்கும்.