கார்த்தி கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்எஸ்டி? (குடும்பக் குழு)

கார்த்தி: சித்தப்பா, கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றேன்ல, ஃபைலெல்லாம் வைக்கற எஸ்எஸ்டி டிரைவ் மட்டும்தான் பாக்கி. 1 டிபி என்விஎம்இ, அதான் மதர்போர்டுலயே நேரா மாட்டற வேகமான வகை. விநாடிக்கு 7000 எம்பின்னு போட்டிருக்கறதை எடுத்துடவா?

செந்தில் சித்தப்பா: அது பெரிய ஃபைலை வரிசையா படிக்கும்போது வர்ற வேகம்டா. விண்டோஸ் ஆன் ஆகறதுலயும் புரோகிராம் திறக்கறதுலயும் 3500க்கும் 7000க்கும் உனக்கு வித்தியாசமே தெரியாது. அதுல என்ன வைக்கப் போற?

கார்த்தி: எடிட்டிங் புராஜெக்ட் எல்லாமே. அழிஞ்சா அவ்ளோதான்.

மீனா அக்கா: பேர் தெரியாத டிரைவ் மட்டும் வாங்காதடா. என்னோடது ராத்திரி நல்லா இருந்துச்சு, காலைல கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற பயாஸ் ஸ்கிரீன்ல பேரே காட்டல. பாப்பாவோட முதல் ரெண்டு வருஷ போட்டோ மொத்தமும் போச்சு 😔

செந்தில் சித்தப்பா: அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமா இருக்கும்மா. ஹார்ட் டிஸ்க் பல நேரம் டக் டக்னு சத்தம் போட்டு முன்னாடியே காட்டிக் கொடுக்கும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாம போயிடும். டிரைவை இயக்கற கன்ட்ரோலர் சிப் போனா, மெமரி சிப்ல டேட்டா இருந்தாலும் வெளிய எடுக்கறது ரொம்பக் கஷ்டம்.

பெரியப்பா: எழுத எழுதத் தேயும்னு சொல்றாங்களே, அதனாலயா செந்தில்?

செந்தில் சித்தப்பா: வீட்டு உபயோகத்துல அப்படிப் போறது அபூர்வம்ணே. நல்ல 1 டிபி டிரைவுக்கு 600 டிபிடபிள்யூ போட்டிருப்பாங்க, அதாவது வாரண்டி காலத்துக்குள்ள 600 டிபி எழுதற வரைக்கும் வாரண்டி செல்லும். தினம் 50 ஜிபி எழுதினாலும் அதைத் தாண்ட 32 வருஷத்துக்கு மேல ஆகும்.

செந்தில் சித்தப்பா: பெரும்பாலும் காலை வாரறது கன்ட்ரோலரும், அதை ஓட்டற உள் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரும்தான். 2019 நவம்பர்ல சர்வர் தயாரிக்கற எச்பிஇ கம்பெனியே அறிவிச்சாங்க, அவங்க சர்வர் எஸ்எஸ்டி சிலது சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும்னு. 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். தேய்மானமே இல்ல, ஃபர்ம்வேர் கோளாறு. ஒண்ணா மாட்டின டிரைவ் எல்லாம் ஒண்ணா போகும். அப்டேட் போட்டவங்க தப்பிச்சாங்க.

கார்த்தி: அப்போ எதைப் பார்த்து வாங்கறது?

செந்தில் சித்தப்பா: மெமரி டிஎல்சியான்னு பாரு, அதாவது ஒரு செல்லுக்கு 3 பிட் வைக்கற வகை. 4 பிட் வைக்கற க்யூஎல்சில பெரிய வீடியோ காப்பி பண்ணா, முதல்ல வேகமா எழுதிக்கற இடமான கேஷ் நிரம்பினதும் சிலது விநாடிக்கு 100 எம்பிக்கு இறங்கிடும், ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவு. எடிட்டிங்குக்கு டிரைவுக்குள்ளேயே டிரேம்னு தனி வேக மெமரி இருந்தா நல்லது. 5 வருஷ வாரண்டி இருக்கணும், ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு கம்பெனியே சாஃப்ட்வேர் தரணும். சாம்சங் 990 புரோ, டபிள்யூடி எஸ்என்850எக்ஸ் ரெண்டுலயும் இதெல்லாம் இருக்கு.

செந்தில் சித்தப்பா: இன்னொண்ணு. சில கம்பெனி மாடல் பேரை மாத்தாமலே உள்ள சிப்பை மாத்திடறாங்க. பழைய ரிவ்யூவை மட்டும் நம்பி வாங்காத.

கார்த்தி: மதர்போர்டுல இந்த எஸ்எஸ்டி மாட்டற எம்.2 ஸ்லாட் ரெண்டு இருக்கு. எதுல வேணா போடலாமா?

செந்தில் சித்தப்பா: மேனுவலைப் பாரு. சில போர்டுல ஒரு ஸ்லாட் சாட்டாங்கற பழைய, மெதுவான வகையை மட்டும்தான் எடுக்கும். ப்ராசஸருக்குப் பக்கத்துல இருக்கறது வழக்கமா வேகமானது. 2280 சைஸ் வாங்கு, அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்.

மீனா அக்கா: சித்தப்பா, நான் இப்போ போட்டோவெல்லாம் வேற ஒரு எஸ்எஸ்டில போட்டு பீரோல பூட்டி வச்சிருக்கேன். அது போதும்ல?

செந்தில் சித்தப்பா: போதாதும்மா. கரண்ட் இல்லாம வருஷக்கணக்கா கிடந்தா செல்லுல இருக்கற சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமா கசியும். பூட்டி வைக்க ஹார்ட் டிஸ்க்தான் சரி. அதுல ஒரு காப்பி, கிளவுடுல ஒரு காப்பி போட்டுடு. இன்னிக்கே பண்ணும்மா.

மீனா அக்கா: சரி சித்தப்பா, இப்பவே எடுக்கறேன்.

பெரியப்பா: என் லேப்டாப்பையும் பார்க்கணுமே. 5 வருஷம் ஆச்சு.

செந்தில் சித்தப்பா: டிரைவ் நல்லா இருக்கான்னு காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரைப் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கண்ணே, நான் பாக்கறேன். அதுல குட்னு காட்டினாலும் காப்பி எடுத்துடுங்க. மீனாவோடதும் அப்படித்தான் காட்டுச்சு.

கார்த்தி: நான் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடலாம்னு இருந்தேன். காப்பிக்கு வச்சுக்கறேன். எஸ்எஸ்டி ஆர்டர் போட்டுட்டேன் சித்தப்பா 🙏

செந்தில் சித்தப்பா: நல்லது. வந்ததும் முதல் வேலையா ஃபர்ம்வேர் பாரு. மாட்டும்போது ஹீட்சிங்க் அடில இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டை உரிச்சுட்டு மாட்டு, நிறைய பேர் மறந்துடறாங்க.