"இதை யார் துவைக்கிறது?" – தைத்துக் கொடுக்கப் போன இடத்தில் நடந்தவை

நூல்கண்டு, மதுரை

எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து பழைய புடவைகளில் போர்வை தைத்துக் கொடுக்கிறோம். மூன்று வருடம் ஆகிறது. தைத்த கதை எல்லோரிடமும் இருக்கிறது. கொடுக்கப் போன இடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சரி, நானே ஆரம்பிக்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கென்று 12 போர்வைகள். சும்மா தைக்கவில்லை, இழைத்தோம். கலர் கலராகச் சதுரம் வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் தலையணைப் பஞ்சு வைத்து, மூலைக்கு ஒரு பட்டன், இரண்டில் கண்ணாடி வேலைகூட. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வார்டில் இருந்த சிஸ்டர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். அப்புறம், "இதை யார் துவைக்கிறது?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. அவரே சொன்னார். பிள்ளை பெற்றவளின் அம்மாவோ மாமியாரோதான் துவைப்பார்கள். ஒரு வாளி, பாத்ரூம் குழாய், காயப்போட வராண்டாக் கம்பி. பஞ்சு வைத்தது தண்ணீர் குடித்துவிட்டால் தூக்க முடியாது. இரண்டு நாள் ஆனாலும் உள்ளே காயாது, வாடை பிடிக்கும். பட்டன் பிய்ந்தால் நேரே பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், இவ்வளவு கனமாக எதையும் பச்சைப்பிள்ளை மேல் போர்த்தவே கூடாதாம். முகத்தில் ஏறிவிட்டால் அதற்குத் தள்ளிவிடத் தெரியாது. ஒரு வயதுவரை பிள்ளை தூங்கும் இடத்தில் மெத்தென்ற போர்வை, தலையணை எதுவும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இரண்டு பிள்ளை வளர்த்தவள் நான்.

பன்னிரண்டையும் திரும்பத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மூட்டைக்கு உண்டு என்றார் கண்டக்டர்.

யோசித்துப் பார்த்தால் நம் பாட்டிகளுக்கு இது தெரிந்துதான் இருந்திருக்கிறது. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்த மாட்டார்கள். நூறு தடவை துவைத்து, கஞ்சியெல்லாம் போய், பூப்போல ஆன நூல்புடவையில்தான். தூளியும் அதில்தான். அப்படிப்பட்ட துணிக்குள் பஞ்சைத் திணித்துக் கெடுத்தது நாங்கள்.

இப்போது கணக்கு எளிது. நூல்புடவை 18 அடி. மூன்றாக மடித்தால் 6 அடி நீளம், 4 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், மூன்று அடுக்கு. வெட்டவே வேண்டாம். ஓரத்தை உள்ளே மடக்கி, நான்கு விரலுக்கு ஒரு வரிசையாக ஓட்டுத்தையல். அது பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு என்றால் இரண்டே அடுக்கு, சின்ன விரிப்பு. "கீழே விரிக்க மட்டும்" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கட்பீஸ் அக்கா, திருப்பூர்

என் தப்பு வேறு மாதிரி. எங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். சும்மா கிடக்கிறதே என்று சதுரமாக வெட்டி, இடையிடையே சாதாரண காட்டன் சதுரமும் வைத்து, மிதி மெஷினில் ஓட்டி ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆறு போர்வை கொடுத்தேன். பனியன் துணி இழுத்தால் நீளும், காட்டன் நீளாது. நான் தைக்கும்போதே அது இழுபட்டிருக்கிறது, கவனிக்கவில்லை. முதல் துவைப்பில் காட்டன் வேறு சுருங்கிவிட்டது. மொத்தமும் பொரித்த அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டது.

அடுத்த மாதம் போனபோது ஒன்று பாத்ரூம் வாசலில் கால்மிதியாகக் கிடந்தது. முகம் சுண்டிப் போச்சு எனக்கு. அங்கிருந்த பாட்டி ஒருவர் என்னைப் பார்த்ததும், "கண்ணு, இந்த மாதிரி இன்னும் நாலு கொண்டாயேன், வழுக்கவே மாட்டேங்குது" என்றார்.

இப்போது பனியன் துணியை நாடாவாகக் கிழித்து, ஜடை பின்னி, சுற்றித் தைத்துக் கால்மிதியாகவே கொடுக்கிறேன். போர்வை தைக்கும் ஆசை இன்னும் போகவில்லை, ஆனால் பனியன் துணியில் இல்லை.

உப்புக்காற்று, நாகப்பட்டினம்

படிக்க ஜாலியாக இருக்கிறது. நான் சொல்லப்போவது வாங்கிக்கொண்டவர்கள் பக்கத்துக் கதை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி எனக்கு 14 வயது. அதற்குப் பிறகு லாரி லாரியாகத் துணி வந்தது. நல்ல மனதோடு அனுப்பியவர்கள் நிறையப் பேர், மறுக்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் காலர் கிழிந்த சட்டை, ஜிப் இல்லாத பேண்ட், யாரோ உடுத்திக் களைந்த உள்பாவாடை. எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர். ரோட்டோரத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்து, மழையில் நனைந்து, அதன் மேல் ஆடு படுத்துக் கிடந்தது. என் அம்மா அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "எல்லாத்தையும் கடல் எடுத்துக்கிச்சு, இது ஒண்ணுதான் மிச்சம், அதையும் விட்டுட்டு நிக்கவா?" என்றார். எதை மிச்சம் என்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சில வாரம் கழித்து இரண்டு பெண்கள் முகாமுக்கு வந்து போர்வை கொடுத்தார்கள். பழம்புடவையில் தைத்ததுதான். அம்மா வாங்கி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தை விரல் வைத்துத் தடவினார். அப்பா வலையை எடுத்தால் அப்படித்தான் பார்ப்பார், முடிச்சு முடிச்சாக. தையல் ஒரே அளவாக இருக்கிறதா, நூல் முனை உள்ளே மறைந்திருக்கிறதா என்று. "பின்னாடியும் சுத்தமா இருக்கு" என்று சொல்லித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் போர்வை இன்னும் வீட்டில் இருக்கிறது. நடுவில் நைந்து இரண்டு தடவை ஒட்டுப்போட்டாகிவிட்டது.

பழைய துணியைத் தானமாகப் பார்க்காமல் மூலப்பொருளாகப் பார்க்கும் கூஞ்ச் என்ற அமைப்பு 1999-இல் டெல்லியில் தொடங்கியது. அவர்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு சுஜனி என்று பெயர். எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. துணி பழசாக இருக்கலாம், வேலை புதுசாக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் யாராவது பின்பக்கத்தில் முடிச்சு தொங்கவிட்டால் பிரிக்கச் சொல்லிவிடுவேன். கெட்ட பெயர்தான், பரவாயில்லை.

ஓட்டுத்தையல், ஹூப்ளி

நாகப்பட்டினம் அக்கா சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை.

நான் 20 வருடமாக ஹூப்ளியில் இருக்கிறேன். இங்கிருந்து எல்லாப்பூர் பக்கம் போனால் சித்தி இன மக்களின் ஊர்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். கீழே ஒரு புடவை, அதன் மேல் கிழிசல் துணிகளை ஒவ்வொன்றாக மடக்கி வைத்துத் தைத்துக்கொண்டே போகிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, நடுவில் வந்து முடிகிறது. முன்கூட்டி அளந்து வெட்டுவது இல்லை. நடுவில் பஞ்சும் இல்லை.

எங்கள் சங்கத்தில் சிலர் "அவங்களுக்குப் போர்வை கொண்டுபோய்க் கொடுக்கலாம்" என்று கிளம்பினார்கள். நானும் போனேன். அங்கே திண்ணையில் ஒரு அம்மா தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், எங்கள் மூட்டையை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. காசு கொடுத்து அவரிடம் ஒன்று கேட்டேன். முடிந்துவிட்டது போலத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் தரவில்லை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை அடுக்கித் தைக்க வேண்டும், அதற்குப் பூ என்று அர்த்தம் வரும் பெயர், ஃபூலா. பூ வைக்காமல் அனுப்ப மாட்டேன் என்று, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வைத்துக்கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. டீயும் கொடுத்தார்.

குரோஷே கொக்கி, சென்னை

2016 ஜனவரி 31, சென்னை. மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு கொக்கி ஊசியால் பின்னிய குரோஷேப் போர்வையை 11,148.5 சதுர மீட்டரில் விரித்துக் கின்னஸில் ஏறிய நாள். என் அக்கா பின்னிய துண்டும் அதில் இருந்தது. அவளைக் கேட்டால் சாதனையைப் பற்றிப் பேசவே மாட்டாள். "அத்தனையில என்னோடது எங்க இருக்குன்னு தேடித் தேடிக் கழுத்து வலிச்சுது" என்பாள். அவ்வளவும் அப்புறம் பிரித்துத் தானத்துக்குத்தான் போனது. அவளுடைய துண்டு யாரிடம் இருக்கிறதோ. ரயில்வே ஸ்டேஷனில் யாராவது குரோஷே போர்த்திப் படுத்திருந்தால் இன்றைக்கும் நின்று பார்ப்பாள்.

பொத்தான் டப்பா, சிங்கப்பூர்

மதுரை அக்காவிடம் வார்டு சிஸ்டர் கேட்ட கேள்விக்கு 1942-லேயே ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போன பிறகு, இங்கிருந்த ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் தனிப் பகுதியில். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று இவர்களுக்குத் தெரியாது, இவர்களைப் பற்றி அவர்களுக்கும் தெரியாது. எத்தல் மல்வானி என்ற கனடாக்காரப் பெண்மணி போர்வை தைக்கும் யோசனையைச் சொன்னார். ஆளுக்கு ஒரு சதுரம், அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைக்க வேண்டும், பெயரும் போட வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரம். காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று, ஜப்பானியர்களுக்கு ஒன்று. மூன்றாவது இருந்ததால்தான் மற்ற இரண்டும் வெளியே போக முடிந்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன போர்வையில் பெயரைப் பார்த்தால், தைத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். தானம் என்ற பெயரில் போன கடிதம் அது.

அந்தப் போர்வைகளின் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொரு சதுரமாகப் பார்ப்பது என் ராத்திரிப் பொழுதுபோக்கு. ஆஸ்திரேலியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் தைத்தவை இப்போது கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அவற்றின் பின்பக்கத்தில், சாங்கி முகாம் பெண்கள் அனுதாபத்தோடு கொடுப்பது, சண்டை முடிந்ததும் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்த்துவிடுங்கள் என்றெல்லாம் நூலால் எழுதியிருக்கிறது. கடைசி வரி என்ன தெரியுமா? இதை டிரைகிளீன் செய்வது நல்லது என்று! சிறைக்குள் சோற்றுக்கே வழி இல்லை. சாயம் போய்விடக் கூடாதே என்று அவர்களுக்குக் கவலை.

நானும் இப்போது என் போர்வைகளின் மூலையில் "தனியாக நனைக்கவும்" என்று தைக்கிறேன். காரணம், ஒரு சிவப்புச் சுங்குடி. முதலில் தனியாக நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்காமல் வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். வாங்கிக்கொண்ட தாத்தாவின் மீதி வேட்டிகளும் ரோஸ் ஆகிவிட்டன.

ரஃபு தாத்தா, கோயம்புத்தூர்

ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவன். ஊசி வேலை என் அப்பாவிடம் கற்றது. ஓட்டை விழுந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இழை ஓட்டி மூடுவார், வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அந்த அளவுக்கு வராது. ஆனால் காலை காபிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஊசியோடு உட்காராவிட்டால் அன்றைக்கு எதையோ மறந்த மாதிரி இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை, பேத்தியின் பை வார் பிய்ந்திருக்கும், தலையணை உறை பிரிந்திருக்கும்.

பையன்கள் விடுதி ஒன்றுக்குப் போர்வை கொண்டுபோனேன். மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது ஒருவன் ஓடி வந்து, "தாத்தா, சட்டைக்குப் பட்டன் வச்சுத் தருவீங்களா?" என்றான். வைத்துக் கொடுத்தேன். பின்னால் வரிசை நின்றது. 17 சட்டை. மறு ஞாயிற்றுக்கிழமை பட்டன் டப்பாவோடு போனேன். இந்தத் தடவை நான் தைக்கவில்லை, அவர்களைத் தைக்கவைத்தேன். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப்போட்டால் சீக்கிரத்தில் பிய்யாது. இதைச் சொல்லிக் கொடுக்க 40 வருஷம் யாரும் என்னைக் கேட்டதில்லை.

போர்வையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஜன்னலுக்கு மாட்டியிருக்கிறார்கள், காலையில் வெயில் முகத்தில் அடிக்கிறதாம்.

நூல்கண்டு, மதுரை

எல்லோருக்கும் நன்றி. நாகப்பட்டினம் தங்கச்சி, நேற்று தைத்து முடித்த எட்டையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றைப் பிரித்துவிட்டேன். என் கூட்டாளிகள் என்னோடு பேசவில்லை.

மிச்சக் கதையும் சொல்கிறேன். பஞ்சில்லாத விரிப்பும் பெரியவர்களுக்கான போர்வையுமாக அதே வார்டுக்கு மறுபடி போனோம். சிஸ்டர் ஒன்றை வாங்கி நேரே குழாயடிக்குப் போய் நனைத்து, பிழிந்து, உதறி, கம்பியில் போட்டார். "மத்தியானத்துக்குள்ள காஞ்சா வாங்கிக்கிறேன்." வராண்டாவில் உட்கார்ந்து காத்திருந்தோம், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி. 12 மணிக்கு முன்பே காய்ந்துவிட்டது.

ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்தபோது, மகள் பிரசவத்துக்குத் துணையாகத் தரையில் படுத்திருந்த ஒரு அம்மா, தன்னிடம் கொடுத்ததைத் திருப்பி நீட்டினார். பிடிக்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். "அந்தப் பச்சைக் கரை போட்டது இருக்கா?" என்றார். இருந்தது, அடியில். மூட்டை முழுவதையும் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் மற்றவர்களும் எழுந்து வந்து அவரவருக்குப் பிடித்ததைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அரை மணி நேரம் வார்டே ஜவுளிக்கடை மாதிரி ஆகி, கடைசியில் சிஸ்டர் வந்து சத்தம் போட்டார். இனி மூட்டை கட்டுவதில்லை, கொடியில் போட்டே காட்டுவது என்று முடிவு.

அடுத்த நடைக்குப் பத்து தயார். ஈரத்தில் ஒரு போர்வை எத்தனை கிலோ இருக்கிறது என்று இந்தத் தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகப் போகிறோம். பழைய பேப்பர்க்காரரிடம் தராசு கேட்டிருக்கிறேன். ஈரத்துணியை அதில் வைக்கக் கூடாது என்கிறார், பேசிக்கொண்டிருக்கிறோம்.