ரோபோடிக்ஸ் அலமாரி: ஒரு பள்ளித் தவணை கழித்து (புதுப்பிப்பு)

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் ரோபோடிக்ஸ் சாமான்கள் எல்லாம் ஒரே பெட்டியில் குழம்பிக் கிடக்கின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பெயர் ஒட்டிய சின்ன டப்பாக்கள் என்றீர்கள். செய்தாயிற்று. பாதிதான் பலித்தது.

மின்னோட்டத்தைக் குறைக்கும் சின்ன ரெசிஸ்டர்தான் தலைவலி. டப்பாவில் 220 ஓம், 10 கிலோ ஓம் என்று அதன் மின்தடை அளவை எழுதி வைத்தால் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் கிடைத்த டப்பாவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். இப்போது மூடியிலேயே ஒரு ரெசிஸ்டரை ஒட்டி, அளவைக் காட்டும் அதன் பட்டை நிறங்களை, 220 ஓமுக்கு ‘சிவப்பு, சிவப்பு, பழுப்பு’ என்று, எழுதியிருக்கிறேன். நிறம் சட்டெனப் பிடிபடுகிறது. ஐந்து பட்டை உள்ள நீல ரெசிஸ்டர்களில் வரிசை மாறும் என்பதால் அவற்றைத் தனியே வைத்துவிட்டேன்.

பாகங்களை இணைக்கும் ஜம்பர் வயர்களின் முனைகளை ‘ஆண், பெண்’ என்றால் வகுப்பே சிரிக்கிறது. ‘ஊசி முனை, துளை முனை’ என்று மாற்றிவிட்டேன்.

அப்புறம் ஒரு தப்பு, என்னுடையதுதான். 9 வோல்ட் பேட்டரியை வயர்களோடு போட்டிருந்தேன். இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் ஒரு வயர் குறுக்கே பட்டு, டப்பாவே சுட்டது. இப்போது முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரிகளுக்குத் தனி டப்பா.

மழைக்கால ஈரத்துக்கு, ஆர்டுயினோ போர்டுகள் (ரோபோவை இயக்கும் சின்னக் கணினிப் பலகைகள்) ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் இருக்கின்றன. சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார்களுக்கு மட்டும் இன்னும் இடம் கிடைக்கவில்லை.