திருச்சி என்ஐடி சேர்க்கை முடிந்து அரை நாள் கையில்: எங்கே போகலாம்?

செங்கல்பட்டு_அப்பா:
ஆகஸ்ட் முதல் வாரம் மகளை என்ஐடியில் சேர்க்க வருகிறோம். சான்றிதழ் சரிபார்ப்பு மதியம் 1 மணிக்குள் முடியும் என்று நினைக்கிறேன். ஊர் திரும்ப ஜங்ஷனில் ராத்திரி 10 மணிக்கு மேல் ரயில். திருச்சி எங்களுக்குப் புதிது. கையில் இரண்டு பைகள் இருக்கும், வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், கல்லணை மூன்றையும் பார்க்க முடியுமா? கார் வைக்காமல் பஸ்ஸிலேயே சமாளிக்கலாமா?

தெப்பக்குளம்:
மூன்றும் முடியாது சார். கல்லணையை விட்டுவிடுங்கள். அது ஊருக்குக் கிழக்கே தனியாக இருக்கிறது, போய் வருவதிலேயே சாயங்காலம் போய்விடும். மற்ற இரண்டுக்கும் பஸ் போதும்.

முதலில் பையை இறக்கி வையுங்கள். என்ஐடி வாசல் தஞ்சாவூர் ரோட்டில், ஜங்ஷனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பக்கத்திலுள்ள துவாக்குடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு போகும், இன்னொன்று காந்தி மார்க்கெட் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும். பையோடு இருக்கும்போது சென்ட்ரல் போர்டு பார்த்து ஏறுங்கள், அங்கிருந்து ஜங்ஷன் நடக்கிற தூரம்தான். தஞ்சாவூரிலிருந்து வருகிற வெளியூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் "ஜங்ஷன் போகுமா?" என்று கேட்டுவிடுங்கள். பஞ்சப்பூரில் புதுப் பேருந்து நிலையம் வந்த பிறகு வெளியூர் வண்டிகளின் தடம் மாறிவிட்டது. தெரியாமல் அங்கே போய் இறங்கினால் ஒரு மணி நேரம் வீண்.

ஜங்ஷன் பொருள் காப்பறையில் ரயில் டிக்கெட்டைக் கேட்பார்கள். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், அதனால் ஜிப்பில் மாட்டுகிற சின்னப் பூட்டு இரண்டு வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். அசல் சான்றிதழ்கள் ஏதாவது கையில் திரும்பி வந்தால் காப்பறைப் பையில் வைக்காதீர்கள். தோளில் மாட்டும் பையில் உங்களோடேயே இருக்கட்டும்.

அதன்பின் சென்ட்ரலில் 1ஆம் நம்பர் பஸ். சத்திரம் (மலைக்கோட்டைக்கு இங்கே இறங்க வேண்டும்), திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம் என்று நீங்கள் பார்க்க வேண்டியதெல்லாம் அந்த ஒரே தடத்தில் வந்துவிடும். அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உங்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

காவிரிக்கரை:
வழி சரி. நேரத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். மதியம் 2 மணிக்குக் கோயில் வாசலில் போய் நிற்காதீர்கள், பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் சந்நிதி பகலிலும் திறந்திருக்கும், ஆனால் நடுவழியில் தாயுமானவர் சந்நிதி நண்பகலில் மூடி 4 மணிக்கு மேல்தான் திறக்கும். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். படிகள் பெரும்பாலும் பாறைக்குள்ளும் கூரைக்குக் கீழும் போகும். கடைசிப் பகுதி மட்டும் திறந்த பாறை. 3 மணி வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. நாலரைக்கு ஏறத் தொடங்கினால் உச்சிக்குப் போகும்போது சூடு இறங்கியிருக்கும். வடக்கே காவிரி, தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். ஊரின் அமைப்பு முழுதும் அங்கே நின்றால்தான் புரியும்.

மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே ராணி மங்கம்மாள் மகாலுக்குப் போங்கள். மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அரசு அருங்காட்சியகம் அதற்குள்தான். நாயக்கர் காலத்துத் தர்பார் மண்டபத்தின் குவிமாடத்துக்காகவே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டம்மா மலை ஏற வேண்டாம். நானூறுக்கு மேல் படி, இறங்கும்போதுதான் முழங்காலை வாங்கும். நீங்களும் மகளும் மேலே போய் வருவதற்குள் அவர் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு என்எஸ்பி ரோட்டுக் கடைகளைப் பார்க்கலாம். மேலே போகிறவர்கள் பாதிவழியில் இடப்பக்கம் இருக்கும் பல்லவர் குடைவரையைத் தவறவிடாதீர்கள். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது, உள்ளே கங்காதரர் சிற்பம். நேரே உச்சிக்கு ஓடுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

செங்கல்பட்டு_அப்பா:
ரொம்ப நன்றி. மலை இறங்க 6 மணி ஆகிவிடும். அதற்கு மேல் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்க முடியுமா?

காவிரிக்கரை:
சனிக்கிழமை, ஏகாதசி என்றால் நினைக்கவே வேண்டாம், வரிசையிலேயே ரயில் போய்விடும். மற்ற நாளிலும் உறுதி சொல்ல முடியாது. என் யோசனை, சாமி தரிசனத்துக்குத் திருவானைக்கோவிலில் இறங்குங்கள். சத்திரத்திலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும், ஸ்ரீரங்கத்துக்கு முந்தைய ஊர். பஞ்சபூதத் தலங்களில் அப்பு, அதாவது நீர்த் தலம் இது. ஜம்புகேஸ்வரரை ஒன்பது துளைச் சாளரத்தின் வழியாகத்தான் பார்ப்பது. கூட்டம் குறைவு, தரை சமம், அம்மாவுக்கும் சிரமம் இல்லை. வெளியே வந்ததும் பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் சாப்பிடலாம்.

பிறகு அதே 1ஆம் நம்பரில் ஸ்ரீரங்கம் போய் ராஜகோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். 13 நிலை, 236 அடி. பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்று, 1987இல்தான் முழுமையானது. எட்டே முக்காலுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும்.

துவாக்குடி:
இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஆகஸ்ட் முதல் வாரம் என்கிறீர்கள், தேதி ஆடிப்பெருக்கில் விழுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்கு ஜனம் திரளும், பாலத்திலும் ஸ்ரீரங்கத்திலும் வண்டி நகராது. அப்படியானால் மலைக்கோட்டையோடு நிறுத்திக்கொண்டு இருட்டுமுன் ஜங்ஷன் பக்கம் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, சரிபார்ப்பு 1 மணிக்கே முடியும் என்று நம்ப வேண்டாம். ஒரு தாள் குறைந்தால் மறுபடி வரிசை, மேலும் வளாகத்துக்குள்ளேயே நடை அதிகம். 3 மணி தாண்டிவிட்டால் மங்கம்மாள் மகாலை விடுங்கள். 4 மணியும் தாண்டினால் மலையையும் விட்டுவிட்டு, பையை வைத்த கையோடு நேரே திருவானைக்கோவில். இரவில் நடை சாத்திவிடுவார்கள், ஏழரைக்குள் உள்ளே இருங்கள்.